ஏழாம் நம்பர் பனியன்

நைனா இருந்தார். பெரியப்பா இருந்தார், எங்கள் தெருக் கபடி டீமை நடத்துபவர் அவர்தான். தையல் கடை பாய் மடியில் ஒரு துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, யாரும் கூப்பிடாமல் வந்திருந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். சித்தப்பா கட்டிலில், வலது காலை நீட்டிக்கொண்டு. அவர் கால்மாட்டில் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பெரியப்பா ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். பையை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "கால் ஒடஞ்சி கெடந்தப்ப ஒரு வாழப்பழம் வரல. இப்ப இன்னா ஆப்பிளு?" என்றாள் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

சித்தப்பாவின் முட்டி போனது அவலூர்பேட்டை ஆட்டத்தில். அவர்தான் ஏழாம் நம்பர். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் லேசில் திரும்ப மாட்டார். ஒரே மூச்சில் பாடிக்கொண்டே நிற்பார். பிடிக்க நிற்பவர்களில் யாராவது ஒருத்தன் பொறுமை போய்க் கையை நீட்டுவான். அவனைத் தொட்டுவிட்டு வருவார். வேகம் கிடையாது. மூச்சுதான் அவர் ஆட்டம்.

ஒரு வருஷம் படுத்தார். பிறகு தினமும் விடியலில் கோட்டைப் படி ஏற ஆரம்பித்தார். பொங்கல் முடிந்து கரிநாள் ஆட்டத்தில் இறங்கிவிட வேண்டும். அந்த ஒரு பேச்சுதான் அவருக்கு.

முதலில் ரூல் பேச்சு வந்தது.

"இந்த வருஷம் டிவில வர்ற மாதிரி. முப்பது செகண்டு. அதுக்குள்ள திரும்பணும். விசில் ஊதிட்டா அவுட்டு" என்றார் பெரியப்பா.

"மூச்சு இருக்கறப்ப வாட்ச் எதுக்குண்ணா?" என்றார் சித்தப்பா.

"மூச்ச எவன்டா பாக்கறான்? பாட்டு அறுந்துச்சா இல்லையான்னு வருஷா வருஷம் மண்ட ஒடையுது. ரெண்டு மூச்சு விட்டுட்டு கோயில் பக்கம் திரும்பி சத்தியம் பண்றான் ஒருத்தன்."

"வாட்ச் பொய் சொல்லாது" என்றார் நைனா.

"வாட்ச கையில வச்சிருக்கறவன் சொல்லுவான்" என்றார் மாமா.

பெரியப்பா மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பேச்சை எடுத்தார்.

"ஏழாம் நம்பர இனிமே யாருக்கும் தரப்போறதில்ல. வெளிநாட்டுல பெரிய ஆட்டக்காரனுக்கு அப்படித்தான் செய்யறாங்களாம். அந்த நம்பரு அவனோட நின்னுடும்."

நைனாவுக்குக் கண் கலங்கியது. பாய் "மாஷா அல்லாஹ்" என்றார். எனக்குப் புல்லரித்தது.

"அப்ப நான் எந்த நம்பர் போடறது?" என்றார் சித்தப்பா.

பெரியப்பா சிரித்தார். "உனக்கு எதுக்குடா நம்பரு? நீதான்டா ஏழு."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சித்தப்பா நீட்டியிருந்த காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார். அதை யாரும் கவனிக்கவில்லை.

மாமா கை தட்டவில்லை. பாயின் மடியிலிருந்த மூட்டையை இழுத்துப் பிரித்தார். புதுப் பனியன்கள், நீலம். முதுகுப்பக்கமாகத் திருப்பித் திருப்பிக் கட்டிலில் போட்டார். ஆறு இருந்தது. அடுத்தது எட்டு.

"இப்பதானே பேசனாங்க. இது எப்ப அடிச்சது பாய்?"

பாய் டீ டம்ளருக்குள் பார்த்தார். "போன வாரம் தம்பி. சொன்னத அடிச்சேன்."

"வந்தமா டீய குடிச்சமான்னு இருடா" என்று நைனா மாமாவை அடக்கினார்.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் என் சந்தேகம் வேறு. பெரியப்பா மகன் அந்த வருஷம்தான் டீமில் சேர்ந்திருந்தான். நல்ல ஓட்டக்காரன். ஏழாம் நம்பர் பனியனை அவனுக்காகத்தான் எங்கேயோ பதுக்கியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பட்டன் வாங்குகிற சாக்கில் பாய் கடைக்குப் போய் மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"இன்னாம்மா தேடற?"

"ஏழாம் நம்பரு."

"இல்லாதத எங்கம்மா ஒளிப்பேன்?"

நான் நம்பவில்லை. பெரியப்பா வீட்டுத் துணிக்கொடியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கரிநாளன்று சித்தப்பா வேட்டிக்குள் ஆட்ட டிராயர் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். அம்மா பார்த்துவிட்டாள்.

மைதானத்தில் மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். பெரியப்பா மாலை போட்டு, சால்வை போர்த்தி, கட்டிப்பிடித்தார். ஊரே விசில் அடித்தது. பிறகு பெரியப்பா, வாட்ச் பிடிப்பவருக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் சேரைக் காட்டினார். சித்தப்பா அதில் உட்கார்ந்தார். ஆட்டம் முடிகிறவரை வேட்டியை அவிழ்க்கவில்லை.

நான் பெரியப்பா மகன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று. கடைசிவரை பதினொன்றுதான். போவான், தொடுவான், விசிலுக்குள் வந்துவிடுவான். நாங்கள் ஜெயித்தோம். பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இல்லாத பனியனைத்தான் அத்தனை நாள் காவல் காத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. சித்தப்பா சால்வையை மடித்துக் கட்டிலில் வைத்தார். வேட்டியை அவிழ்த்து அதன்மேல் போட்டார். பின்பக்கம் போய் மண்ணில் காலால் ஒரு கோடு இழுத்தார்.

"பாப்பா, எண்ணு. மெதுவா எண்ணு. பாட்டு அறுந்தா நிறுத்திடு."

"ஆட்டம்தான் முடிஞ்சிபோச்சே சித்தப்பா?"

"எண்ணு."

கோட்டைத் தாண்டினார். முருங்கை மரத்தை நோக்கிப் பாடிக்கொண்டே போனார். குனிந்தார், பக்கவாட்டில் நகர்ந்தார். முட்டி தாங்கியது. நான் முப்பது சொன்னதும் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

பெரியப்பா கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பின்கதவுவரை வந்தவர் என் எண்ணிக்கையைக் கேட்டு அப்படியே நின்றார். கோப்பையைக் காட்டத்தானே வந்தார், ஏன் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விடாமல் எண்ணினேன்.

சித்தப்பா கோட்டுக்கு இந்தப் பக்கம் காலை வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"எவ்ளோ?"

நாற்பத்தேழு.