ஆறாம் கட்டில் மெஷின்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை ஒழுக்கு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை ‘ஒழுக்க அக்கா’ என்று காதில் வாங்கிக்கொண்டு, முதல் வாரம் முழுக்க அவர் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக நடந்தார். விஷயம் தெரிந்ததும் அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தபடியே.

நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் காட்டிக்கொண்டிருக்கும் மானிட்டர்களைச் செய்கிற நிறுவனம் அது. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் இயங்குதளத்துக்கு உட்கரு மாதிரி இருப்பது கெர்னல். மெஷினில் எந்தப் பகுதிக்கு நினைவகத்தில் இடம் வேண்டுமென்றாலும் கெர்னலிடம்தான் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். யாராவது ஒருவர் வாங்கிவிட்டுத் தராமல் இருந்தால் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் கொடுக்க ஒன்றுமில்லாமல் மெஷின் அப்படியே உறைந்து நின்றுவிடும். எங்கே ஒழுகுகிறது என்று தேடிப் பிடிப்பதுதான் பத்தொன்பது வருடமாக அக்காவின் பிழைப்பு. அவருக்கு நாற்பத்தொன்பது வயது. கழுத்துவலிக்கு டாக்டர் குனியாதீர்கள் என்று சொல்லியிருந்தார். குனியாமல் செய்யக்கூடிய பாகம் எதுவும் அவர் வேலையில் இல்லை.

ஒரு மருத்துவமனையிலிருந்து புகார் வந்தது. அங்கே ஒரே ஒரு வார்டில் மட்டும் மெஷின்கள் ஒன்பது, பத்து நாளுக்கு ஒருமுறை ஹேங் ஆகின்றன. உறைந்தவுடன் தனியாக ஒரு மணி அடித்துவிடும், நர்ஸ்கள் ஓடிப்போய் அணைத்துப் போடுவார்கள், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எத்தனை நாள்தான் ஓடுவார்கள்? மற்ற வார்டுகளில் அதே மெஷின்கள் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடின. இதைப் பார்த்த மேலாளர், அந்த வார்டு நர்ஸ்களுக்குக் கையாளத் தெரியவில்லை என்று ஒரே வரியில் முடிவுகட்டி, பயிற்சி தேவை என்று மருத்துவமனைக்குக் கடிதமும் போட்டுவிட்டார். “இருந்தாலும் நீங்க ஒரு பார்வை பாத்துடுங்க மேடம்” என்று அக்காவிடம் சொன்னார்.

அந்த ஒரு பார்வை நான்கு மாதம் இழுத்தது.

ஆய்வறையில் அதே மாதிரி மெஷின் ஒன்றை நாற்பது நாள் ஓடவிட்டார். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. வார்டு மெஷினில், நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு இடம் மிச்சம் என்று குறித்து வைக்கும்படி ஒரு சின்ன நிரலைப் போட்டு அனுப்பினார். திரும்பி வந்த வரைபடம் வழக்கமான ஒழுகல் மாதிரி சரிந்து இறங்கவில்லை. படிக்கட்டு மாதிரி, தடக் தடக்கென்று இறங்கியது. ஒவ்வொரு படியும் சரியாக அறுபத்து நான்கு கிலோபைட். ஏன் என்று தெரியவில்லை. நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டுப் பதினெட்டு நாள் போனது. திரையைச் சந்தேகப்பட்டு இன்னும் மூன்று வாரம். இரண்டும் நிரபராதி.

வீட்டில் அவர் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தட்டை வைத்துவிட்டுக் கேட்டார்.

“இன்னும் அதே மெஷின்தானா?”

“அதேதான்.”

“போன வாரம் பிடிச்சுட்டேன்னு சொன்னியே?”

“அது வேற ஒண்ணு. பிடிச்சப்புறம்தான் அது இது இல்லைன்னு தெரிஞ்சுது.”

“சரி, சாப்பிடு. ஆறுது.” அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இருபது வருடத்தில், எப்போது கேட்கக் கூடாது என்பது அவருக்கு அத்துப்படி.

கடைசியில் அக்கா நேரிலேயே போனார். காலை ஆறரை மணிக்கு வார்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இருபது கட்டில், இரண்டு நர்ஸ். மூத்த நர்ஸ் மருந்துத் தள்ளுவண்டியை நிறுத்தாமலே பேசினார்.

“உங்க ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்துச்சு. எங்களுக்கு மெஷினத் தொடவே தெரியலையாம். பாடம் எடுக்கத்தான் வந்தீங்களா?”

“இல்ல சிஸ்டர். சும்மா பாத்துட்டுப் போறேன்.”

“பாருங்க. வழியில மட்டும் உக்காராதீங்க.”

அக்கா ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தினார். நான்கு மணிநேரம் நர்ஸ்களின் கைகளை மட்டுமே கவனித்தார், அவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தார்கள். கேபிளைக் கழற்றுவதற்கு முன்னால் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள், மாட்டியபின் மறுபடி அழுத்தினார்கள். அக்காவுக்கு முதுகு விட்டுப்போனது. வந்தது தண்டம் என்று எழத் தொடங்கினார்.

அப்போது ஆறாம் கட்டில் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், மூன்று வாரமாக அங்கே இருக்கிறார். மெஷினின் பக்கவாட்டில் செருகியிருந்த கேபிளை மொத்தமாக உருவினார், துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டார், பாத்ரூமுக்குப் போனார். திரும்பி வந்து தானே செருகிவிட்டுப் படுத்தார். அது சிறுநீரக வார்டு. பெரியவரும் மற்றவர்களும் இப்படித்தான் அடிக்கடி எழுந்து போனார்கள். பொத்தான் மெஷினின் மேல்புறத்தில் இருந்தது, படுத்திருப்பவர் கைக்கு எட்டாது. இருபது பேருக்கு ஓடும் இரண்டு நர்ஸ்களை இதற்கெல்லாம் யார் கூப்பிடுவார்கள்?

பெரியவர் எழுந்துபோன நேரங்களை அக்கா நோட்டில் குறித்தார். 10:42. 11:12. 11:42. மாலையில் ஆறாம் கட்டில் மெஷினின் வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று படிகளும் அந்தந்த நிமிடத்தில் இறங்கியிருந்தன.

மறுநாள் ஆய்வறையில் நூறு தடவை கேபிளை உருவிச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. நூற்றைம்பது. இல்லை. கை வலித்தது. கேபிளை மேஜைமேல் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதன்மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மறுபடி வார்டுக்குப் போய்ப் பெரியவரிடமே கேட்டார்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. நீங்க எப்பெப்ப எழுந்து போறீங்க?”

பெரியவர் சங்கடமாகச் சிரித்தார். “அது என்ன கேள்வி, தாயி? வர்றப்பதான்.”

“எப்ப வரும்?”

“இந்தப் பிரஷர் பட்டை இருக்குல்ல, அரைமணிக்கு ஒருதரம் கையப் போட்டு இறுக்குது. இறுக்கினா தூக்கம் கலையுது. கலைஞ்சா அப்புறம் அடக்க முடியல. அது விடற வரைக்கும் எங்க காத்திருக்கறது? உருவிட்டுப் போயிடுவேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஏன், நான் ஒண்ணுக்குப் போறதுலயா மெஷின் படுத்துக்குது?”

“உங்க தப்பில்லைங்கய்யா. எங்க தப்புதான்.”

பட்டை இறுக்கிக்கொண்டிருக்கும்போது உருவ வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ரத்த அழுத்தம் அளக்கத் தொடங்கும்போது அந்தப் பகுதி கெர்னலிடம் அறுபத்து நான்கு கிலோபைட் வாங்குகிறது. அளந்து முடித்தால் திருப்பித் தருகிறது. நடுவில் கேபிள் போய்விட்டால், பிழை என்று பதறிக்கொண்டு வெளியேறுகிறது. வாங்கியதை அங்கேயே போட்டுவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் அளவீடு முறையாக முடிந்துவிடுவதால் நர்ஸ்கள் கழற்றியபோதெல்லாம் ஒழுகவில்லை. ஆய்வறையில் பட்டையை யார் கையிலும் கட்டாமலே சோதித்திருந்தார்கள். மற்ற வார்டுகளில் நோயாளிகள் தாங்களாக எழுந்து நடமாடவில்லை.

திருத்தம் ஒரே வரி. வெளியேறும் வழியில், வாங்கியதைக் கொடுத்துவிட்டுப் போ என்கிற வரி. அதைத் தட்டிவிட்டு, அந்தப் பகுதியை யார் எழுதியது என்று பதிவேட்டில் பார்த்தார். அவர் பெயர்தான் இருந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே கால். அன்று உடம்பு சரியில்லையா, அவசரமா, வீட்டில் ஏதாவதா என்று யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மற்ற நாளைப் போல அதுவும் ஒரு நாள்.

மேலாளர் எழுதிய பதில் கடிதத்தில் ‘மென்பொருள் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று மட்டும் இருந்தது.

“நர்ஸ்கள் மேல தப்பில்லைன்னு ஒரு வரி சேருங்க சார்.”

“அது எதுக்கு மேடம்? சரியாயிடுச்சுல்ல. அவங்களே மறந்திருப்பாங்க.”

“மறக்கல. நான் போனப்ப முதல் பேச்சே அதுதான்.”

“தப்பு யார்துன்னு கேப்பாங்க. உங்க பேரச் சொல்லவா?”

“சொல்லுங்க.”

அவர் சொல்லவில்லை. கடிதம் அப்படியே போனது. அக்கா அன்று மாலை மூத்த நர்ஸுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். எதிர்முனையில் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது.

“நீங்க சொன்னது சந்தோஷம் மேடம். ஆனா எங்க ஃபைல்ல அந்தப் பழைய லெட்டர் இருக்கு. எழுத்துல ஏதாவது தந்தா நல்லாருக்கும்.”

அக்கா எழுத்தில் கொடுத்தார். பிழை எங்கே இருந்தது, எழுதியது யார், வார்டில் எல்லோரும் எவ்வளவு முறையாக வேலை செய்தார்கள் என்று ஒரு பக்கம், கீழே கையெழுத்து. பிரதி ஒன்றை மேலாளர் மேஜையிலும் வைத்தார். மேலாளர் இரண்டு வாரம் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. வேலை சம்பந்தமானதைக்கூட அடுத்த மேஜைக்காரர் மூலம் சொல்லி அனுப்பினார். வருடக் கடைசி மதிப்பீட்டில் ‘நிறுவன நலனில் கூடுதல் கவனம் தேவை’ என்று ஒரு வரி ஏறியது. அக்கா அதைப் படித்துவிட்டு இழுப்பறையில் போட்டார்.

புதிய நிரல் ஏற்றியபின் அந்த வார்டில் முப்பது நாள் எந்த மெஷினும் நிற்கவில்லை. முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த அக்கா ஞாயிறு காலைதான் எழுந்தார். கணவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா?” என்றார்.

“அது முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு பல் தேய்க்கப் போனார். திங்கட்கிழமைக்கு வேறொரு மருத்துவமனைப் புகார் அவர் பெயரில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.