பன்னிரண்டு வளையங்களுக்கும் வைத்த பொட்டு

கூலன்ட் ஆயில் வாசனையோடு கற்பூரப் புகை கலந்தால் ஒரு மணம் வரும்... காரிமங்கலம் பக்கத்தில் இருந்த எங்கள் ஷெட்டில் அந்த ஆயுதபூஜையன்று அந்த மணம்தான்.

அப்போது எங்களிடம் உலோகம் கடைகிற சி.என்.சி மெஷின் இரண்டே. நானும் என் கூட்டாளி சின்னராஜும் ஓசூர் வேலையை விட்டுவிட்டு வந்து போட்ட ஷெட் அது. பம்புக்கு புஷ், டிராக்டருக்கு பின் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தோம். விமான இன்ஜின் பாகம் செய்கிற பெங்களூர் கம்பெனி ஒன்று சின்ன சப்ளையர்களைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, ஏதோ குருட்டு தைரியத்தில் விண்ணப்பித்தோம்.

பார்க்க வந்தவர் ரேவதி மேடம். எங்களைவிட நாலைந்து வயது சின்னவர். புது சப்ளையர்களைத் தேற்றி எடுப்பதுதான் அவர் வேலை. வந்ததும் வாசலில் காயப்போட்டிருந்த புளியைப் பார்த்தார். "இதுக்குப் பக்கத்துலயா மெஷின் ஓட்டுறீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம். ஆனாலும் புளியை அள்ளினேன்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அவர் எங்களைப் படுத்திய பாடு இருக்கிறதே! தரைக்கு பெயின்ட். அளவுக் கருவிக்குச் சான்று. எந்தப் பாகத்தை யார், எப்போது தொட்டார்கள் என்று எழுத ஒரு நோட்டு. ஆனால் வாராவாரம் பஸ் பிடித்து வந்துவிடுவார். எங்களோடு தரையில் உட்கார்ந்து டிராயிங் பார்ப்பார். வேறு யார் அப்படி வருவார்கள்?

கடைசியில் சாம்பிள் ஆர்டர் வந்தது. உள்ளங்கை அளவில் பன்னிரண்டு வளையம். அதற்கான உலோகத்தை கம்பெனியே கொடுத்தது, அளந்து வைத்தது போல, பன்னிரண்டுக்கு மட்டும். இது பாஸானால் சப்ளையர் பட்டியலில் நாங்கள் இருப்போம். இல்லையென்றால் ஷெட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் ஓசூர் பேக்டரி கேட்டில் போய் நிற்க வேண்டியதுதான். சின்னராஜ் வேறு, நம்ம ஊரில் செய்தது பறக்கப் போகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

பூஜைக்கு முந்தின நாள் பன்னிரண்டும் தயார். அளந்து, கழுவி, வெள்ளை டிரேயில் அடுக்கியாகிவிட்டது. லீவு முடிந்ததும் அனுப்ப வேண்டும். மேலே ஒரு போர்டு, என் கையெழுத்தில்: 'கையுறை இல்லாமல் தொடாதீர்கள்'.

பூஜையில் மெஷினுக்குப் பொட்டு வைத்தோம். அளவு பார்க்கிற வெர்னியருக்கு வைத்தோம். ஸ்டேப்ளருக்குக்கூட வைத்தோம்.

"டேய் சேவியரு, முக்கியமானத உட்டுட்டமேடா!" என்றான் சின்னராஜ், டிரேயைக் காட்டி.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான்தான், என் வெறுங்கையால், பன்னிரண்டுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமமும் வைத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

எங்களிடம் பாகங்களைச் சரிபார்க்கிற இன்ஸ்பெக்டராக இருந்த கம்பைநல்லூர் செல்வி பொரித் தட்டோடு உள்ளே வந்தது. தட்டைக் கீழே போடாத குறை.

"அண்ணா! என்னாங்கண்ணா இது? போர்டு எழுதி மாட்டுனதே நீங்கதானுங்களே!"

அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் அழுக்கு, தூசி அழுக்கு, வியர்வை அழுக்கு... எல்லாம் தெரியும். குங்குமத்தை அழுக்கு என்று நினைக்க எங்களுக்கு எப்படித் தோன்றும்?

சின்னராஜுக்கு முகம் செத்துவிட்டது. "தொடச்சி, மறுபடி கழுவி அனுப்பிடலாம்டா. யாருக்குத் தெரியப்போவுது?"

"நேத்து கழுவுனதுக்கப்பறம் யாரும் தொடலைன்னு நான்தானுங்களே கையெழுத்துப் போடணும்? நான் போட மாட்டேனுங்க" என்றது செல்வி.

மேடத்துக்கு போன் போட்டேன்.

"மேடம்... சாம்பிளுக்குப் பொட்டு வெச்சிட்டோமுங்க."

"எத்தனைக்கு?"

"பன்னண்டுக்கும்தானுங்க."

"ஒண்ணையாவது விட்டிருக்கக் கூடாதா?"

"ஒண்ண மட்டும் எப்படிங்க மேடம் உடறது..."

அந்தப் பக்கம் கேட்டது சிரிப்பா, அழுகையா என்று இன்றுவரை தெரியாது. பிறகு சொன்னார்: "துடைக்காதீங்க. அப்படியே ரிஜெக்ட் பெட்டியில வெச்சுப் பூட்டுங்க. குங்குமத்துல என்னென்ன கலந்திருக்கோ? இன்ஜின் சூட்டுல அந்த இடத்துல விரிசல் விட்டா, பறக்கறவங்க கதி என்னங்க ஆகும்?"

அன்றைக்கு யாரும் பொரியைத் தொடவில்லை.

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து போன். "மெட்டீரியல் கொஞ்சம் மிச்சம் கிடந்துச்சு. அனுப்பறேன், மறுபடி செய்யுங்க." சர்வசாதாரணமாகச் சொன்னார். செய்தோம். பன்னிரண்டும் பாஸ்.

இன்று ஒன்பது மெஷின் ஓடுகிறது. இப்போது கம்பெனியோடு எல்லாமே கம்ப்யூட்டரில்தான். எங்களுக்கு மார்க் போடுகிறார்கள், பச்சை, சிவப்பு என்று நிறம் காட்டுகிறார்கள். ஆர்டர் தருகிறவர் முகத்தையே நான் பார்த்ததில்லை. குறை சொல்லவில்லை, வேலை சுத்தமாக நடக்கிறது. ஆனால் அந்தக் குங்குமக் கதையை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

போன மாதம், மேடத்தோடு அப்போது வேலை பார்த்த ஒருவர் எங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தார். மிச்சம் கிடந்த மெட்டீரியலால் தப்பித்த கதையைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரித்தார்: "மிச்சமாவது ஒண்ணாவது! மீட்டிங்ல உங்க பேரை அடிச்சாச்சுங்க. தப்பை ஒளிக்காம சொன்னவங்க இவங்க, இவங்களுக்கு நான் பொறுப்புன்னு மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் புது மெட்டீரியல் வாங்கினாங்க. ரெண்டாவது தடவையும் சொதப்பியிருந்தா அவங்க வேலைக்கே ஆபத்து."

சின்னராஜ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு வார்த்த சொல்லலையேடா அந்தம்மா..."

மேடம் வேலையை விட்டுவிட்டு இப்போது பெங்களூரில் வீட்டோடு இருக்கிறார். அடுத்த ஞாயிறே ஒரு கூடை மாம்பழத்தோடு கிளம்பிவிட்டோம். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"என்னங்க, ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க? பார்ட்ஸ்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

"பிரச்சனை ஒண்ணும் இல்லைங்க மேடம். சும்மா உங்களப் பாக்கத்தான் வந்தோம்."

இத்தனை வருஷத்தில் 'சும்மா' என்ற வார்த்தையை அவரிடம் நாங்கள் சொன்னது அன்றைக்குத்தான்.