தாங்கியைக் காலி செய்தவள்

போன மாதம் ஒக்லண்டில், மவுண்ட் ஆல்பர்ட்டில் உள்ள பெரியப்பா வீட்டில் ஒரு பிறந்தநாள் விருந்து. பெரியப்பா வழக்கம்போல நடுக்கதிரையில் இருந்துகொண்டு, வழக்கம்போல என்னைக் கைகாட்டி, வழக்கம்போல அந்தக் கதையைத் தொடங்கினார். "இவள் சின்னனிலை என்ன செய்தவள் தெரியுமோ? காட்டுக்குள்ளை ஒரு வெள்ளைக்காரன்ரை தண்ணித் தாங்கியை ஒரே நாளிலை காலி பண்ணினவள்." எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் தெரியாத என் கணவரும் சிரித்தார். அப்பா மட்டும் தட்டில் இருந்த வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முப்பது வயதாகப் போகிறது. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஹென்டர்சனில், சமையலறை அலுமாரிகள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை செய்தார். நாங்கள் இந்த நாட்டில் இருந்ததே அந்த வேலையின் விசாவில்தான். முதலாளிக்கு மேற்கே மலைக்காட்டுக்குள் ஒரு விடுமுறை வீடு இருந்தது. இங்கே கோடை முடியப் போகிற பெப்ரவரிக் கடைசியில், ஒரு வார இறுதிக்கு அங்கே போய் இருங்கள் என்றார். அப்பா சந்தோஷத்தில் அதைத் தன் அண்ணனிடம் சொன்னார். அவ்வளவுதான், பயணம் பெரியப்பாவுடையதாகிவிட்டது. யார் எந்தக் காரில் ஏறுவது, எத்தனை கிலோ அரிசி, அம்மா என்ன சமைப்பது, எல்லாம் அவர் தீர்மானம். அவர் அகதியாக முதலில் வந்தவர். எங்களை ஒரு வருடம் தன் வீட்டில் வைத்திருந்தவர். அப்பாவுக்கு அந்த வேலையைத் தேடிக் கொடுத்தவரும் அவர்தான். அதை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்க விடவில்லை.

வீடு எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. சுற்றிலும் அண்ணாந்து பார்த்தாலும் முடிவு தெரியாத மரங்கள். சில்வண்டுகள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் கதைக்கவேண்டும். பாதையோரமெல்லாம் கருப்பாகப் பழுத்த பிளாக்பெரி. இந்த நாட்டில் பாம்பே கிடையாது என்று எத்தனை தரம் சொன்னாலும் பெரியம்மா நம்பவில்லை. "பாம்பில்லாத காடும் ஒரு காடோ?" என்று கேட்டுக்கொண்டு, ஒரு தடியால் நிலத்தைத் தட்டித் தட்டித்தான் காரிலிருந்து வீட்டுக்கு நடந்தார்.

சாவி கொடுக்க முதலாளி அங்கே வந்திருந்தார். வீட்டின் பக்கவாட்டில் பெரிய பச்சைத் தாங்கி ஒன்று நின்றது. இது என்ன என்று நான் கேட்டேன். அந்த வீட்டுக்கு நகரத்துக் குழாய்த் தண்ணீர் வராது, கூரையில் விழும் மழைதான் அதில் சேரும் என்றார். மழை பெய்து பல வாரமாகியிருந்தது. விரலை மடக்கித் தாங்கியைத் தட்டிக் காட்டினார். மேலே தட்டினால் வெறும் பானையின் சத்தம், கீழே தட்டினால் கனத்த சத்தம். சத்தம் மாறுகிற இடம்தான் தண்ணீரின் மட்டம். அது அப்போது என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. கவனமாகப் பாவித்தால் ஞாயிறு வரை தாராளம், தண்ணீர் முடிந்துபோனால் பம்ப் எரிந்துவிடும், தாங்கி உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை யாரும் என்னிடம் ஒரு பொறுப்பையும் தந்ததில்லை.

ஓடிப்போய் எல்லோருக்கும் சொன்னேன். எனக்கிருந்த அரைகுறைத் தமிழில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். பெரியப்பா சிரித்தார். "ஒக்லண்டிலை தண்ணிப் பஞ்சமாம். வருஷம் முழுக்க மழை பெய்யிற ஊர்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பெரியம்மா குசினி அலுமாரியைத் திறந்தார், உள்ளே கனத்த இரும்புத் தட்டு ஒன்று இருந்தது. இறைச்சி வாட்டும் தட்டு. அதைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனார். "மாடு சமைச்ச குசினி. கழுவாமல் அடுப்பு மூட்டேலாது." அதன்பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். வளவில் கிடந்த தண்ணீர் ஹோஸைப் பின்கதவால் உள்ளே இழுத்தார்கள். தரை, சுவர், அடுப்பு, நாங்கள் தொடவே போகாத சட்டி பானைகள், ஒன்றும் மிச்சமில்லை. அம்மா முழங்காலில் நின்று மஞ்சள் தண்ணீரால் தேய்த்தார். அழுக்குத் தண்ணீர் பின்பக்க மரத்தளத்தில் ஓடியதால் அதையும் கழுவினார்கள். இவ்வளவையும் தொட்டுக் கழுவியதால் பிறகு எல்லோரும் தலைமுழுகினார்கள். நான் வாசலில் நின்று "வாட்டர், வாட்டர்" என்று கத்திக்கொண்டிருந்தேன். பெரியம்மா என்னையும் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முழுகவார்த்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பெரியப்பாவுக்குச் சனி தவறாமல் எண்ணெய் முழுக்கு வேண்டும். போர் நடந்தபோதும் விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்வார். சாரத்தோடு மரத்தளத்தில் இருந்து உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து ஊறிவிட்டுக் குளிக்கப் போனார். நான் தாங்கியைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் என் முழங்காலுக்குக் கீழே மாறியது. அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவரும் குனிந்து தட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. உள்ளே பெரியப்பா உரத்த குரலில் தேவாரம் பாட, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. போய்ச் சொல்லுங்கோ என்றேன். "அண்ணையிட்டை குளிக்க வேண்டாமெண்டு நான் எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். இரண்டு பேரும் நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டோம்.

கொஞ்ச நேரத்தில் குழாய் இருமியது. தளத்துக்குக் கீழே பம்ப் ஊளையிட்டது, பிறகு ரப்பர் கருகும் மணம் வந்தது, பிறகு ஒரு சத்தமும் இல்லை. தலைக்குத் தேய்த்த அரப்புக் கண்ணுக்குள் போய்விட்டதென்று பெரியப்பா உள்ளே இருந்து கூப்பாடு போட்டார். குடிக்கக் கொண்டுபோன போத்தல் தண்ணீரை ஊற்றிப் பெரியம்மா அவர் கண்ணைக் கழுவிவிட்டார். தலையில் மிச்சம் இருந்தது அப்படியே காய்ந்தது. அதைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அப்பா ஃபோன் செய்ய, பின்னேரம் முதலாளி கருவிப்பெட்டியோடு வந்தார். பம்பைக் கழற்றிப் பார்த்துத் தலையை ஆட்டினார். என்ன நடந்தது என்று அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது பெரியப்பா. "ஸ்மோல் கேர்ள். லெஃப்ட் த டெப் ஓப்பன். ஹோல் நைட்." சின்னப் பிள்ளை இரவு முழுக்கக் குழாயைத் திறந்து விட்டுவிட்டதாம். சொல்லும்போது என் தலையில் கையை வைத்திருந்தார். அந்தக் கையில் நல்லெண்ணெய் மணம் போகவில்லை.

முதலாளி மறுபடியும் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார். ஒரே ஒரு தரம்.

"இட் வாஸன்ட் மீ" என்றேன். அப்பா என் பக்கம் திரும்பாமலே, தமிழில், "பேசாமல் இரு" என்றார். வாசலில் நின்ற அம்மா, ஏற்கெனவே காய்ந்திருந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி என் உயரத்துக்குக் குந்தியிருந்து, பரவாயில்லை, சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் என்று அன்பாகச் சொன்னார். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது. தாங்கியை என்னிடம் ஒப்படைத்தவர் அவர். அவர் முன்னால் என்னைப் பொறுப்பில்லாதவளாக நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா மீது ஆத்திரம் வந்தது. அப்பா மீது வந்ததற்கு ஆத்திரம் என்ற சொல் போதாது.

அன்றைக்கே திரும்பினோம். வழியில் ஒரு டெயரியில், இங்கே மூலைக்கடைக்கு அதுதான் பெயர், நிறுத்தி, அப்பா ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். எனக்கு மட்டும். பின்சீட்டில் என் கையில் அதைத் தந்தபோது ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். கார் புறப்பட்டதும் ஐஸ்கிரீமை யன்னலால் வெளியே எறிந்தேன். கண்ணாடியில் அவர் அதைக் கண்டார்.

வளர்ந்த பிறகு நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். விசா முதலாளியின் கையில் இருந்தது, பயந்த மனிதன் என்ன செய்வான், பழியைத் தாங்கப் பிள்ளையின் பெயர்தான் மலிவாகக் கிடைத்தது என்று நினைத்துப் பாதி மன்னித்தும் விட்டேன்.

போன வருடம் அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். பட்டறையில் ஒரு சின்னத் தேநீர் விருந்து. பழைய முதலாளி ஊன்றுகோலோடு வந்து, தாங்கியைத் தட்டிய பிள்ளை நீதானே என்று கேட்டார். அந்தத் திங்கட்கிழமை காலை, பட்டறை திறக்கும் முன்பே அப்பா வாசலில் நின்றாராம். பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, தண்ணீரை முடித்தது பெரியவர்கள், நான் பொய்யாகத் தலையாட்டினேன் என்று சொன்னாராம். வேலையை விட்டு நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள் என்றும் சொன்னாராம். எனக்கு அது முதலே தெரியும், என் குசினித் தரை அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை என்று கிழவர் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. விசாவைக் கையில் வைத்திருந்தவரிடம் இரண்டே நாளில் சொல்ல முடிந்திருக்கிறது. மவுண்ட் ஆல்பர்ட்டில் நடுக்கதிரையில் இருப்பவரிடம் இத்தனை வருடமாக முடியவில்லை. என்னிடமும் முடியவில்லை. என்னிடம் சொன்னால் நான் அங்கே போய்ச் சொல்லிவிடுவேன் அல்லவா?

போன மாத விருந்து முடிந்து காரில் வரும்போது அப்பாவிடம் கேட்டுவிட்டேன், ஏன் இன்றைக்குக்கூட வாய் திறக்கவில்லை என்று. அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "அண்ணையெல்லே" என்றார்.

அந்த டெயரி வாசலில் அப்பா வாயைத் திறந்து மூடியபோது, அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நான் நினைத்தேன். அன்றைக்கு முன்சீட்டில், தலையில் அரப்புக் காய்ந்தபடி, பெரியப்பா இருந்தார்.