நான் முந்தித் தபாலில் போட்ட கடிதம்

ராணுவத்தில் துப்பாக்கி கொடுக்காமல் போர்முனைக்கு அனுப்பும் உத்தியோகம் ஒன்று உண்டு: பாதிரி உத்தியோகம். அடுத்தவர் கவலையைக் கேட்டே சம்பளம் வாங்கும் தோழர்களே, உங்களுக்குப் புரியும். நான் சங்கரன்கோவில் விசைத்தறித் தெருக்களில் துண்டுப்பிரசுரம் படித்து, கோஷம் போட்டு வளர்ந்தவன். வேதம் அதற்குப் பிறகுதான் கற்றேன். எந்த அதிகாரிக்கும் பயந்ததில்லை. காத்திருக்க மட்டும் தெரியாது.

தேங்காய்

எல்லை சூடான சமயம். எங்கள் படைப்பிரிவின் பூசாரி லீவில் இருந்தார். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது பட்டாளத்து வழக்கம். மலைமேல் காவலுக்குக் கிளம்பியவர்களுக்கு நானே விபூதி கொடுத்தேன், தேங்காயும் உடைத்தேன். மூன்றாவது அடியில்தான் உடைந்தது. காவலுக்குக் கிளம்பிய வரிசையில் நின்ற புளியங்குடி சுப்பையா சத்தமாகச் சொன்னான்:

"அண்ணாச்சி, சிலுவைய வச்சிட்டு அருவாளப் பிடிங்க, ஒரே வெட்டுல முடிஞ்சிரும்!"

பெட்டி

மேலே போகிறவர்களின் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால், திரும்பி வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, ஒட்டிய கடிதத்தை என்னிடம் கொடுப்பார்கள். என் ஜெபப் பெட்டியில் பூட்டி வைப்பேன். வந்தால் அவரவர் கையில் திருப்பிக் கொடுப்பேன். சுப்பையா மட்டும் கொடுத்தான், பத்து நிமிடத்தில் வந்து திரும்ப வாங்கினான், மறுபடி கொடுத்தான். "ஏலே, என்னதாம்ல ஒன் பிரச்சினை?" என்று எரிந்து விழுந்தேன்.

"பொண்டாட்டிக்கு எழுதுனது அண்ணாச்சி. கொண்டுபோகவும் பயமா இருக்கு, விட்டுட்டுப் போகவும் பயமா இருக்கு."

சட்டை

நான்காம் நாள் மேலே குண்டு விழுந்தது. ஓர் உடலைக் கீழே கொண்டுவந்தார்கள். முகம் சிதைந்திருந்தது. குளிர்ச்சட்டையில் சுப்பையாவின் பெயர். கழுத்தில் தொங்கும் அடையாள வில்லையைச் சரிபார்த்து அதிகாரி தாள் தரும்வரை கடிதம் போகக் கூடாது என்பது விதி. ஒரு தாளுக்காக ஏழைகளைக் காக்க வைப்பவர்களை எதிர்த்துத்தான் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஜெபம் முடிந்த கையோடு கடிதத்தைத் தபால் வண்டியில் ஏற்றினேன்.

மறுநாள் வயர்லெஸ்ஸில் பேசியது சுப்பையா. குளிரில் நடுங்கிய கூட்டாளிக்குத் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். இறந்த அந்தக் கூட்டாளி என் பெட்டியில் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் கத்தவில்லை.

"பாதிரி சாப், நீங்கள் ஜெபத்தோடு நிறுத்தியிருக்கலாம்."

ஐந்தாம் நாள்

செல்போன் சேவையை நிறுத்தியிருந்தார்கள்; ஊருக்குப் பேசும் லைனும் அறுந்து கிடந்தது. டெலிபோன் கூடாரத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். கடிதம் ரயிலில் எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்றே மனம் ஓடியது. கடிதம் போட்ட ஐந்தாம் நாள் லைன் கிடைத்தது. கடிதம் அன்று காலையே போய்ச் சேர்ந்துவிட்டது. சுப்பையாவின் மனைவி எடுத்தாள். பின்னால் ஒப்பாரி கேட்டது. உயிரோடு இருக்கிறான் என்றேன். தப்பு என்னுடையது என்றேன்; வாழ்க்கையில் எனக்குப் பழக்கமில்லாத வார்த்தை.

"ஒன்பது வருசமா அடிச்சதுக்கெல்லாம் மன்னிச்சிருன்னு எழுதிருக்காரு அண்ணாச்சி. செத்தாத்தான் சொல்லுவாராமா? வந்து எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

என் இத்தனை வருடப் பிரசங்கத்தில் எவன் மனம் திருந்தினானோ தெரியாது, ஒரு பெண்ணிடம் அவள் புருஷன் கேட்ட மன்னிப்பு மட்டும் நிச்சயமாக என் கையால், விதியை மீறித் தபாலில் போனது.