சல்லிப் பெண்ணுக்காக எழுந்து நின்றவர்

பூரணமக்கா காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் நீதிமன்றத்தின் பழைய மொழிபெயர்ப்பாளர், முதலியார் என்போம். கையில் இரங்கலுரை. “ஒருக்கா டைப் பண்ணித் தாங்கோ, தங்கச்சி” என்றார். ‘அடக்கமே உருவான அம்மையார்’ என்று தொடங்கியது. வெட்கங்கெட்ட மனிதர். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

திருகோணமலை மறியற்சாலையில் பெண்கள் பகுதிக்குக் காவலராக இருந்த அக்காவை உங்களுக்குத் தெரியும். பெண் கைதிகளை வழக்குக்குக் கூட்டிவருவார். உள்ளே போகுமுன் அவர்களின் சேலையைச் சரிசெய்தபடி, “நிலத்தைப் பாக்காத, நீதவான் துரையைப் பாத்துக் கதை” என்பார்.

கதைத்து என்ன பயன்? பெண்ணின் உடம்பைப் பற்றிய பேச்சு வந்தால் முதலியார் அதை ஆங்கிலத்தில் சொல்லமாட்டார். சபை நாகரிகமாம்! தமிழ் தெரியாத நீதவானிடம், “பதில் இல்லை” என்று முடித்துவிடுவார். கறுப்புக் கோட்டுக்காரர்கள் கூரையைப் பார்ப்பார்கள். தட்டச்சாளராக இருந்த நானும் அவர் சொன்னதையே தட்டுவேன்.

சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெண். கலியாணமாகாதவள். பெற்ற பிள்ளையைக் கொன்றாள் என்று வழக்கு, தூக்குவரை போகக்கூடியது. அவள் சொன்னாள்: கிணற்றடியில் நோவு கண்டது, தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது, பிள்ளை அழவேயில்லை. முதலியார் செருமினார். “பதில் இல்லை” என்றார். நான் தட்டினேன்.

பின்வரிசை வாங்கிலிருந்து பூரணமக்கா எழுந்தார். “ஐயா, அவ சொன்னவ. இவர்தான் சொல்லேல்லை. வெக்கமெண்டா வேற வேலை பாக்கச் சொல்லுங்கோ!”

தமிழ் விளங்காமல் திகைத்த நீதவான் சட்டத்தரணி ஒருவரை அதை மொழிபெயர்க்கச் சொன்னார். பிறகு அவர் வாயிலாகவே பெண் முதலிலிருந்து சொன்னாள். அடுத்த தவணைக்கு வைத்தியர் அழைக்கப்பட்டார்; அந்தப் பிள்ளை மூச்சே விட்டதில்லை என்றார். அவள் விடுதலையானாள்.

அக்காவுக்குக் கிடைத்தது விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் தூர ஊருக்கு இடமாற்றமும். முதலியாருக்குப் பதவி உயர்வு. அன்று கூரையைப் பார்த்த கனவான்கள் இப்போது இரங்கல் கூட்டத்தில் முன்வரிசைக் கதிரைகளில் மாலையோடு இருக்கப் போகிறார்கள். இருக்கட்டும். அங்கே வாய் திறக்க அவர்களுக்கு வெட்கம் வராது.

என்னையும் அவர்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று சிறை வண்டியில் ஏறுமுன் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “தங்கச்சி, அவ சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே?” நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

ஓம், அக்கா. கேட்டது.