கிராணி வாசலில் கூடாரம்

அன்று அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் அம்மா, என் மனைவியின் தம்பி, தோட்டத்தில் ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதிய பழைய கிராணி. மூன்று பேர் வண்டியில் இருந்தோம். கிராணி எதிரே தன் வீட்டுக்குள் படுத்திருந்தார். தானும் இந்தக் கணக்கில் சேர்த்தி என்பது அவருக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மச்சான் ஈப்போவில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்தான். கழித்துப்போட்ட ஜீப்பு ஒன்றை வாங்கி, கூரைமேல் இரும்புக் குழாய் அடித்து, பலகை போட்டு, லாரித் தார்ப்பாயில் கூடாரம் கட்டியிருந்தான். பக்கத்தில் ஒரு ஏணி. இருட்டுகிற இடத்தில் படுத்துக்கொள்ளலாம் என்பது அவன் பெருமை. முதல் பயணமாக ஆற்றுக்கு மீன்பிடிக்கப் போக வேண்டும் என்றான். தாப்பா போகும் வழியில் எனக்கு ஓர் இடம் தெரியும் என்றேன். அம்மாவையும் ஏற்றிக்கொண்டேன்.

அந்த இடம் நாங்கள் இருந்த தோட்டம். விற்றுவிட்டார்கள். ரப்பர் பால்மரங்கள் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்திருந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம் மட்டும் மிச்சம். மரத்தில் அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் தொங்கியது. அதை அடித்தால்தான் அந்தக் காலத்தில் பெரட்டு. களத்தை ஒட்டி கிராணி வீடு. புது முதலாளி அவரை ஜாகாவாக, அதாவது காவலுக்கு வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் ஒரு தடவை அம்மா கிராணியிடம் எல்லார் முன்னாலும், "தராச சரியா பாருங்கய்யா, பால் எட காட்ட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பெரட்டுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் அவளுக்கு அரைப்பேர். மரமெல்லாம் பால் வெட்டி முடித்தாலும் பாதிச் சம்பளம்தான். அம்மா கதவுக்குப் பின்னால் கரிக்கோடு போட்டாள். அதை என் ஆறாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் ஏற்றினேன். நாற்பத்தொரு நாள். நாள் சம்பளம் மூன்று வெள்ளி பத்து காசு. பாதி, ஒன்று ஐம்பத்தைந்து. மொத்தம் அறுபத்து மூன்று வெள்ளி ஐம்பத்தைந்து காசு. அத்தோடு அந்த நோட்டுக்கு வேலை முடிந்தது. குறைந்த காசை ஈடுகட்ட நான் பள்ளியை விட்டுப் புல்வெட்டப் போனேன்.

வண்டியைக் கிராணி வாசலுக்கு நேராக நிறுத்தச் சொன்னேன். அம்மா இறங்கிப் பார்த்தாள்.

"இங்கயா?"

"ஆமா."

"சரி. பாய ஒதறிப் போடு" என்றாள்.

அவள் வண்டிக்குள் படுத்தாள். நானும் மச்சானும் மேலே. நாலு சக்கரத்துக்கும் கல் வைத்தேன். இறங்கிப்போய் மறுபடி பார்த்தேன். வெல்டிங் விட்டுவிடுமோ, இடி இரும்பில் விழுமோ, பாம்பு ஏணி ஏறுமோ என்று வியர்த்தது.

"மச்சான், படுக்க வந்தீங்களா, ஜாகா வேல பாக்க வந்தீங்களா? பேசாம படுங்கலா!" என்றான் பக்கத்தில் படுத்திருந்தவன்.

திருடனுக்காகச் சக்கர ஸ்பானர் ஒன்றை ஏணியடியில் வைத்திருந்தேன். கிராணியிடம் கேட்க வேண்டியதை மனதுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். விடிய விடிய ஒவ்வொரு சொல்லாகக் கழன்றது. பேசாமல் ஆற்றுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் தண்டவாளம் அடித்தது. டாங், டாங், டாங். எட்டிப் பார்த்தேன். அம்மா என் ஸ்பானரால் அடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் விளக்கு எரிந்தது. காக்கிக் கால்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு, பொத்தான் தவறிய சட்டையோடு, கையில் டார்ச்சுடன் கிராணி ஓடி வந்தார். அந்தக் காலத்தில் பெரட்டுக்கு நிற்கிற படியில் வந்து நின்று, பாதித் தூக்கத்தில் கேட்டார்: "எல்லாரும் வந்தாச்சா?"

"எல்லாரும் வந்தாச்சுய்யா" என்றாள் அம்மா. "நீங்கதான் லேட்டு. இன்னைக்கு உங்களுக்கு அரைப்பேரு."

மச்சான் சிரித்த சிரிப்பில் கூடாரமே ஆடியது. கிராணி டார்ச்சை அம்மா முகத்தில் அடித்தார்.

"நீயா?"

"நானேதான். நாப்பத்தோரு நாளு. எடுங்க."

"அதெல்லாம் தொரை காலத்துக் கணக்கு. புஸ்தகமே இப்ப இல்ல."

ஏணியில் இறங்கினேன். "புஸ்தகம் இங்க இருக்கு" என்று இடுப்பில் செருகி வந்திருந்த பள்ளி நோட்டை நீட்டினேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"மாத்தா மாத்தாவக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க பெரியவரே" என்றான் மச்சான் மேலிருந்து. "போலீசு வர்ற வரைக்கும் இங்கதான். அரிசி இருக்கு, சார்டின் இருக்கு, மேல வூடே இருக்கு. டெய்லி காலைல மணி அடிப்போம்லா!"

கிராணி கூரையைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றோடு வந்தார்.

"இவ்ளோதான் இருக்கு. மிச்சம் அடுத்த மாசம்."

அம்மா வாங்கி முந்தானையில் முடிந்தாள். "போலாம்" என்றாள். அவளுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. அவர் பொத்தான் தவறி நின்ற அந்த நிமிடம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அடுத்த மாதம் போனேன். வீடு பூட்டியிருந்தது. கிராணி மகனோடு பாரிட் புந்தாரில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ் ஏறி அங்கேயும் போனேன். வாசலில் சாவுப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகனிடம் கேட்க வாய் வரவில்லை, திரும்பி வந்தேன். செத்தவர் மேல் கோபம் வைக்கக்கூடாது என்கிறாள் என் மனைவி. நான் வைத்திருக்கிறேன். அந்தப் பள்ளி நோட்டும் பத்திரமாக இருக்கிறது. பாக்கி பதிமூன்று வெள்ளி ஐம்பத்தைந்து காசு.