மரண அறிவித்தலில் இல்லாத மருமகன்

மனைவி இறந்த மறுநாள் காலை, நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் மரண அறிவித்தல் எழுதினோம். அவளுடைய தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எங்கள் ஆட்களின் அறிவித்தலில் ஒரு உறவும் விடுபடக் கூடாது. இன்னாரின் மகள், இன்னாரின் தாய், இன்னாரின் மாமியார், இன்னாரின் சம்பந்தி என்று வரிசையாக வர வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டோடு பிறகு கதை பேச்சு இராது.

மாமியார் என்ற இடத்தில் கனடாவிலிருக்கும் மகளின் கணவர் பெயரை எழுதினேன். பேனா அங்கே நின்றது.

எனக்கு இன்னொரு மருமகனும் உண்டு. என் மகனுடைய கணவன். மலேசியத் தமிழ்ப் பிள்ளை. இந்த நாட்டில் ஆணும் ஆணும் மணம் முடிக்கலாம் என்று சட்டம் வந்த அடுத்த வருடம் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். நான் போகவில்லை. சாமி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேவாரம் படித்தேன். மனைவி நல்ல சேலை உடுத்துத் தனியே போய் வந்தாள். பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, கிழமைக்கு மூன்று நாள் டண்டினொங் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போனது அந்தப் பிள்ளைதான். மகனுக்குப் பகல் வேலை. எனக்குக் கார் ஓட்டக் கண் காணாது. ஒருநாள் தாதி, நீங்கள் யார் என்று அவனைக் கேட்டாள். மருமகன் என்றான். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். பக்கத்துக் கதிரையில் இருந்த நான்தான் கூசிப்போனேன்.

"என்ன அத்தான் யோசிக்கிறியள்?" என்றான் மச்சான்.

"மற்றவன்ர பேர்..."

"விசரே உங்களுக்கு? லண்டன், கனடா எல்லாம் போற அறிவித்தல் இது. அக்கான்ர செத்தவீட்டில சனத்தைச் சிரிக்க வைக்கப் போறியளோ?"

பேனாவை மூடினேன். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் அப்படிச் சொல்லட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன்.

பின்னேரம் அறிவித்தல் இணையத்தில் வந்ததைப் பார்த்துவிட்டு மகன் எனக்குப் போன் எடுத்தான்.

"அப்பா, அவரை விட்டிட்டியள்."

"அவசரத்தில, ராசா..."

"அந்த அவசரத்திலயும் அக்கான்ர மாமா மாமியை மறக்கேல்லை. நாளைக்கு நான் செத்தா என்ன போடுவியள்? கலியாணம் கட்டாத பிள்ளை எண்டோ?"

நான் வாய் திறக்கமுன் வைத்துவிட்டான்.

கிரியையை மகன்தான் செய்தான். "வாய்க்கரிசி போடுற உரித்துக்காரர் எல்லாரும் வாங்கோ" என்றார் ஐயர். அந்தப் பிள்ளை கடைசி வரிசையில், மகனோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர்களுடன் இருந்தான். எழுந்து இரண்டு அடி வைத்து என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அரிசித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தபோது அவன் திரும்பப் போய் இருந்துவிட்டான். கடைசி மாதங்களில் அவளுக்குக் கரண்டியால் கஞ்சி பருக்கியவன் அவன். அவளை வருடக்கணக்காக வந்து பாராதவர்களெல்லாம் வரிசையில் நின்று அரிசி போட்டார்கள்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பது வழக்கம். இறந்தவரின் வரலாறும் தேவாரமும் உறவுமுறையும் சேர்ந்த சிறிய புத்தகம். அதில் அவன் பெயரை மருமகன் என்று என் கையாலேயே எழுதி, அச்சுக்குக் கொடுக்கமுன் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன்தான் கதவைத் திறந்தான். வாசலில் நின்றபடியே வாசித்தான்.

"வேணாம் அங்கிள். நான் யாருன்னு ஆன்ட்டிக்குத் தெரியும். எடுத்துடுங்க."

"மகன் நிற்கிறானோ?"

"உள்ளதான் இருக்காரு. வர மாட்டேங்கிறாரு."

குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்ற நேரம் முழுக்க அது நிற்கவேயில்லை.

இரண்டு வருடமாகிறது. போன வெள்ளிக்கிழமை கோயிலில் குடும்பத்துக்கு அர்ச்சனை செய்யக் கொடுத்தேன். என் வாயால் முதல்முறையாக அந்தப் பிள்ளையின் பெயரையும் சொன்னேன்.

"நட்சத்திரம்?" என்றார் ஐயர்.

தெரியவில்லை. மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் அவனுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தவள். அப்போது நான் பிரகாரத்தைச் சுற்றப் போய்விடுவேன்.

"மகனிட்டக் கேட்டுச் சொல்லுங்கோவன்" என்றார்.

மகன் என் போனை எடுப்பதில்லை. அதை ஐயருக்கு எப்படிச் சொல்வது? பின்னால் சனம் தட்டோடு நின்றது.

"மற்ற ஆக்களுக்குச் செய்யுங்கோ ஐயா" என்றேன்.